சாண்டியாகோவுக்கு ஆள் எடுத்த கதை: "ஆட்டம் வேறு, அரசியல் வேறு" என்போருக்குப் பதில்

விளையாட்டு வேறு, அரசியல் வேறு, இரண்டையும் கலக்காதீர்கள் என்று உபதேசம் செய்கிறவர்களுக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. ஒரு நாட்டின் அணி வெளிநாடு புறப்படுகிறது என்றால் போதும், உபதேசமும் கூடவே புறப்பட்டுவிடும். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது நிபுணர்கள் வேலை, நன்றாக ஆடுகிறவனை எடு, அனுப்பு, ஜெயித்து வரச் சொல், மற்றதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்பார்கள்.

இந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க, 1976-ம் ஆண்டு டிசம்பரில் இத்தாலி நாட்டு டென்னிஸ் அணி சிலியின் தலைநகர் சாண்டியாகோவுக்குப் போன கதையை எடுத்துக்கொள்வோம்.

டென்னிஸா? அது துரைமார் ஆட்டம் ஆயிற்றே, ஆலைத் தொழிலாளிக்கும் வயலில் கூலி வேலை செய்கிறவனுக்கும் அதில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆட்டம் நடந்த மைதானத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் அடைத்து வைக்கப்பட்டவர்கள் யார் என்று தெரிந்தால் நீங்களே அக்கறை கொள்வீர்கள். அதற்கு முன் ஆட்டத்தின் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாடுகளுக்கிடையே நடக்கும் டென்னிஸ் போட்டிக்கு டேவிஸ் கோப்பை என்று பெயர். 1900-ம் ஆண்டில் ஆரம்பித்தது. அந்நாளில் இரண்டு நாடுகள் மோதினால் மூன்று நாளில் ஐந்து ஆட்டம். முதல் நாள் ஒருவருக்கொருவர் இரண்டு ஆட்டம். மறுநாள் இருவருக்கிருவர் ஓர் ஆட்டம். மூன்றாம் நாள் எதிராளியை மாற்றி மறுபடி இரண்டு. மூன்று ஆட்டத்தில் ஜெயித்த நாடு ஜெயித்தது. அணியில் நான்கு பேர் வரை இருக்கலாம். யார் எதில் ஆடுவது என்று முடிவு செய்கிறவர் அணித் தலைவர். அவர் தாம் ஆடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்வார். போட்டியை நடத்தும் நாடு தன் ஊரில் எந்தத் தரையில் ஆடுவது என்று தானே வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் தரை விஷயம்தான் முக்கியம். லண்டனில் புல்தரை. ரோமிலும் சாண்டியாகோவிலும் களிமண் தரை. பெயர்தான் களிமண்ணே தவிர, அது நம் குளத்துக் களிமண் இல்லை. செங்கல்லை இடித்துச் சலித்து, அந்தத் தூளைப் பரப்பி, உருளை உருட்டிக் கெட்டிப்படுத்திய தரை. புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் பாயும்; ஓங்கி அடிக்கிறவன் நாலு அடியில் காரியத்தை முடித்துவிடுவான். செங்கல் தூளில் பந்து தரையைத் தொட்டதும் வேகம் தணிந்து உயரமாக எழும்பும். எவ்வளவு பலமாக அடித்தாலும் எதிராளி ஓடிப்போய் எடுத்துவிட முடியும். ஒரு புள்ளிக்கு இருபது முப்பது தடவை பந்து போய் வரும். கால் சறுக்கும், சறுக்கிக்கொண்டே அடிக்கத் தெரிய வேண்டும். நாலு மணி நேரம் ஓடுவதற்கு மூச்சு வேண்டும், காத்திருப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆகவே, புல்லில் கெட்டிக்காரன் இங்கே திணறுவான். அங்கே பேர் சொல்லாதவன் இங்கே மலை போல நிற்பான்.

ரிங் பிரேமில் கை தேர்ந்தவனைக் கொண்டுபோய்த் தறியில் நிறுத்திவிட்டு, உற்பத்தி குறைந்தது என்று சார்ஜ் ஷீட் கொடுக்கிற மேஸ்திரியை நமக்குத் தெரியும். டென்னிஸிலும் அப்படிப்பட்ட மேஸ்திரிகள் உண்டு. பட்டியலில் யார் பெயர் மேலே இருக்கிறதோ அவனை எடு என்பார்கள். தரையைப் பார்க்க மாட்டார்கள். இத்தாலி அணியின் தலைவராக இருந்த நிக்கோலா பியெத்ராஞ்செலி அந்த ரகம் இல்லை. அவரே களிமண் தரையில் பெயர் எடுத்தவர். பாரிஸில் நடக்கும் பிரெஞ்சுப் போட்டியை 1959-லும் 1960-லும் வென்றவர். அவர் கையில் நான்கு பேர்: அத்ரியானோ பானட்டா, கொராதோ பராத்ஸூத்தி, பாவோலோ பெர்த்தொலூச்சி, தோனினோ ஸூகரெல்லி.

1976 ஆகஸ்டில் லண்டனில் புல்தரையில் பிரிட்டனுடன் ஆட்டம். பராத்ஸூத்தி களிமண்ணின் மனிதர்; பின்னால் நின்று நாளெல்லாம் பந்தைத் திருப்பி அனுப்புவார். புல்லில் அது செல்லுபடியாகாது. பியெத்ராஞ்செலி அவரை உட்கார வைத்துவிட்டு ஸூகரெல்லியை இறக்கினார். ஸூகரெல்லி ரோஜர் டெய்லரை வீழ்த்தினார். இத்தாலி 4-1 என்று ஜெயித்தது. (டெய்லர் ஷெபீல்டு எஃகுத் தொழிலாளி ஒருவரின் மகன் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.) செப்டம்பரில் ரோமில் செங்கல் தூள் தரையில் ஆஸ்திரேலியாவுடன் ஆட்டம் வந்தது. அங்கே 3-2 என்று தப்பிப் பிழைத்தார்கள். சாண்டியாகோவிலும் அதே செங்கல் தூள்தான். ஒற்றையர் ஆட்டத்தில் பானட்டாவுக்குத் துணையாக மறுபடி பராத்ஸூத்தி. இதுவரை நிபுணர்களோடு நமக்குச் சண்டை இல்லை. வேலையைத் தெரிந்தவர் வேலைக்கேற்ற ஆளை எடுத்தார்.

ஆனால் அந்த நான்கு பேர் பட்டியலுக்குள் ஒருவன் வந்து சேர்வது எப்படி? அந்த ஆண்டு ரோம் போட்டியையும் பாரிஸ் போட்டியையும் வென்ற பானட்டா ஒரு பிரபுவின் பிள்ளை அல்ல. அவருடைய தந்தை ரோம் நகரில் பாரியோலி டென்னிஸ் கிளப்பைக் காவல் காத்துப் பராமரித்த ஊழியர். பணக்காரர்கள் சந்தா கட்டி ஆடும் இடத்தில், தரையைக் கூட்டிப் பெருக்குகிற குடும்பத்துப் பையனுக்குத் தரை பக்கத்தில் இருந்தது. அதனால் மட்டையைத் தொட முடிந்தது. அந்த ஆண்டு பாரிஸில் பியோன் போர்க் என்ற ஸ்வீடன் வீரரை அவர் தோற்கடித்தார். 1973-லும் அங்கேயே தோற்கடித்திருந்தார். அந்தப் போட்டியில் போர்க்கைத் தோற்கடித்தவர் உலகத்தில் வேறு ஒருவரும் கிடையாது. கிளப்பின் வாசலுக்கு வெளியே நின்ற எத்தனை பானட்டாக்களுக்கு மட்டை கிடைக்காமல் போயிற்று? யார் நன்றாக ஆடுகிறானோ அவனை எடு என்கிறவர்கள், யாருக்கு ஆடக் கிடைத்தது என்ற கணக்கை எழுதுவதே இல்லை. அரசியலை ஆட்டத்தில் நாம் கலக்கவில்லை ஐயா. கிளப்பின் கேட்டிலேயே அது கலந்துதான் இருக்கிறது.

இனி சாண்டியாகோவுக்கு வருவோம்.

சிலி மக்கள் 1970-ல் சால்வதோர் அயெந்தேயைத் தேர்தலில் ஜெயிக்க வைத்தார்கள். அமெரிக்கக் கம்பெனிகள் தோண்டித் தின்ற தாமிரச் சுரங்கங்கள் 1971-ல் தேச உடைமை ஆயின. அதே ஆண்டில் சாண்டியாகோ நகரின் யாரூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் முதலாளியை வெளியேற்றி ஆலையைத் தங்கள் கையில் எடுத்தார்கள். பெரிய பண்ணைகள் எடுக்கப்பட்டு, அதில் காலமெல்லாம் உழைத்தவர்களிடம் நிலம் வந்து சேர்ந்தது. பண்ணையாரும் ஆலை முதலாளியும் வாஷிங்டனும் இதைப் பொறுத்துக்கொண்டிருப்பார்களா? 1973 செப்டம்பர் 11-ந் தேதி ஜெனரல் பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடுங்கியது. ஜனாதிபதி மாளிகை மீது விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். அயெந்தே அங்கேயே மாண்டார்.

பிடிபட்டவர்களை அடைக்கச் சிறைகள் போதவில்லை. ஆகவே தேசிய விளையாட்டு மைதானத்தைச் சிறையாக்கினார்கள். அந்த செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அங்கே வதைக்கப்பட்டார்கள். பலர் உயிரோடு திரும்பவில்லை. ஆலையைக் கையில் எடுத்த தொழிலாளி, சங்கத்துப் பிரதிநிதி, மாணவர், வாத்தியார் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பாடகர் விக்தோர் ஹாராவும் இங்கேதான் கொல்லப்பட்டார் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. விவசாயக் குடும்பத்தில் பிறந்த அந்தக் கலைஞனைக் கொன்றது அதே நகரில் சிலி ஸ்டேடியம் என்ற இன்னொரு அரங்கத்தில். 2003-ல் அந்த அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஒரு நகரத்தில் கைதிகளை அடைக்க ஒரு விளையாட்டு அரங்கம் போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்போதும் நம் உபதேசிகள் சும்மா இருக்கவில்லை. 1973 நவம்பரில் அந்த மைதானத்தில் சிலிக்கும் சோவியத் யூனியனுக்கும் உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதி ஆட்டம் நடக்க வேண்டும். சர்வதேசக் கால்பந்து சம்மேளனத்தின் பிரதிநிதிகள் வந்து பார்த்தார்கள். கைதிகளை அவர்கள் கண்ணில் படாமல் ஒதுக்கி வைத்திருந்தது ராணுவம். புல் நன்றாக இருக்கிறது, ஆட்டம் நடத்தலாம் என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார்கள்! சோவியத் அணி வர மறுத்தது. நவம்பர் 21-ந் தேதி எதிரில் ஆளே இல்லாத மைதானத்தில் சிலி அணி பந்தை உருட்டிக்கொண்டு போய்க் காலி வலையில் போட்டது. அரசியல் கலக்காத சுத்தமான ஆட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிடச் சுத்தமான ஆட்டம் எங்கே கிடைக்கும்?

டென்னிஸிலும் இதே பிரச்னை எழுந்தது. 1975 செப்டம்பரில் ஸ்வீடனில் போஸ்டாட் என்ற ஊரின் களிமண் தரையில் சிலி அணி ஆட வந்தபோது, ஆயிரக்கணக்கான மக்கள் வெளியே நின்று ஆர்ப்பாட்டம் செய்தார்கள். உள்ளே வலை கட்டி, போலீஸ் சூழ ஆட்டம் நடந்தது. 1976-ல் அரை இறுதியில் சிலிக்குப் போக வேண்டிய சோவியத் டென்னிஸ் அணி போக மறுத்தது. மறு ஆண்டுப் போட்டியிலிருந்து விலக்கப்படும் தண்டனையையும் ஏற்றது. சிலி ஆடாமலே இறுதிக்கு வந்தது. எதிரே இத்தாலி. இடம், அதே தேசிய மைதான வளாகத்தில் உள்ள டென்னிஸ் அரங்கம்.

யாரை அனுப்புவது என்ற கேள்வி அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியாக மாறியது. இத்தாலி முழுவதும் ஊர்வலங்கள் நடந்தன. பினோசேயோடு பந்தாட்டமா என்று தெருவெல்லாம் கேட்டார்கள். சர்க்கார் வாயைத் திறக்காமல் பொறுப்பை விளையாட்டு அமைப்புகளின் தலையில் கட்டியது. பியெத்ராஞ்செலி போகத்தான் வேண்டும் என்று ஊர் ஊராக, பத்திரிகை பத்திரிகையாக வாதாடினார். அவர் வாதம் பழைய பல்லவிதான்: ஆட்டம் ஆட்டமே.

அந்த வாதத்தை இத்தாலியத் தொழிலாளிகள் ஏற்கவில்லை. ஏற்காதது சரி. ஆனாலும் அணி போயிற்று, போனதும் சரி என்பது என் கருத்து. இது எப்படி என்று கேட்பீர்கள்.

காரணம், சிலியிலிருந்து வந்த சேதி. அங்கே சிறையிலும் தலைமறைவிலும் இருந்த கம்யூனிஸ்டுகள், இத்தாலி ஆடாமல் விட்டால் கோப்பை சிரமமில்லாமல் பினோசே கைக்குப் போகும், அவன் அதை வைத்து ஊரெல்லாம் பறையடிப்பான், ஆகவே வந்து ஆடி ஜெயிப்பதே மேல் என்று கருதினார்கள் என்றும், அந்தக் கருத்து இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் பெர்லிங்குவேருக்கு எட்டியது என்றும் பின்னால் வெளியான விவரங்கள் சொல்கின்றன. அதன் பிறகே அணி போவதற்கு இருந்த எதிர்ப்பின் வேகம் தணிந்தது.

இதற்கு ஒரு தோழர் குறுக்கே கேட்கலாம்: அப்படியானால் 1974-ல் இந்தியா செய்தது என்ன? அந்த ஆண்டு டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியாவுக்கு எதிரே தென்னாப்பிரிக்கா. தோலின் நிறத்தைப் பார்த்து ஆளெடுத்த நாடு. கறுப்பு மனிதன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் நாட்டின் அணியில் அவனுக்கு இடம் கிடையாது. நம் சென்னைப் பிள்ளைகள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் நல்ல ஆட்டத்தில் இருந்த காலம் அது. இந்தியா ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்கு ஆடாமலே போயிற்று. இன்றுவரை நாம் அந்தக் கோப்பையை ஒரு தடவைகூட வென்றதில்லை. ஆடாமல் விட்டால் கொடுங்கோலனுக்குக் கோப்பை போகும் என்பது வாதமானால், இந்தியா செய்தது தப்பு என்று ஆகாதா?

ஆகாது. அங்கே அடிபட்ட மக்களே, எங்கள் நாட்டு வெள்ளையர் அணியோடு யாரும் ஆடாதீர்கள் என்று உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். இந்தியா அவர்கள் பேச்சைக் கேட்டது. சிலியில் அடிபட்டவர்களிடமிருந்து வந்த சேதி வேறாக இருந்தது. இத்தாலியர்கள் அதைக் கேட்டார்கள். ஒரு ஆலையில் ஸ்டிரைக் நடந்தால், உள்ளே போகலாமா கூடாதா என்று அந்த ஆலைத் தொழிலாளியைத்தான் கேட்போம். மானேஜரைக் கேட்பதில்லை, பக்கத்து ஊர்ப் பெரிய மனிதரையும் கேட்பதில்லை. பியெத்ராஞ்செலி சிலி மக்களைக் கேட்டுக்கொண்டா போக வேண்டும் என்றார்? கோப்பை வேண்டும் என்பதற்காகச் சொன்னார். முடிவு ஒன்றாக வந்து சேர்ந்ததால் அவர் காரணம் சரியாகிவிடாது. தெருவில் இறங்கிய இளைஞர்கள் வீணாகக் கத்தினார்கள் என்று சொல்கிறவர்களையும் ஒரு வார்த்தை கேட்கிறேன்: அவர்கள் கத்தியிராவிட்டால், டென்னிஸ் பார்க்கிற இத்தாலியனுக்கு அந்த மைதானத்தில் என்ன நடந்தது என்று யார் சொல்லியிருப்பார்கள்? சம்மேளனமா சொல்லியிருக்கும்?

டிசம்பர் 17-ந் தேதி ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் பராத்ஸூத்தி, எதிரே சிலியின் சிறந்த ஆட்டக்காரர் ஹைமே பில்லோல். 7-5, 4-6, 7-5, 6-1. தரையைப் பார்த்து ஆளெடுத்ததற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். நாலாவது சுற்றில் பில்லோலுக்கு மூச்சு வாங்கிவிட்டது, இவர் அசையவில்லை. அடுத்து பானட்டா, கொர்னேஹோவைச் சுலபமாகத் தோற்கடித்தார். பில்லோலும் கொர்னேஹோவும் ஆட்டக்காரர்கள். நமக்கு அவர்களோடு பகை இல்லை.

மறுநாள் 18-ந் தேதி இருவர் ஆட்டம். பானட்டா பெர்த்தொலூச்சியிடம், இன்று நாம் சிவப்புச் சட்டை போடுவோம் என்றார். அந்த நாட்டில் சிவப்பு என்றால் என்ன, அதைப் போட்டவனுக்கு என்ன கதி என்று இருவருக்கும் தெரியும். சுற்றிலும் ராணுவ ஆட்சி. இருவரும் சிவப்புச் சட்டையோடு அந்தச் செங்கல் நிறத் தரையில் இறங்கினார்கள். முதல் சுற்று போயிற்று. அடுத்த மூன்றையும் எடுத்தார்கள்: 6-2, 9-7, 6-3. கோப்பை அதோடு இத்தாலிக்கு முடிவாயிற்று. எந்தச் சம்மேளனமும் அந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. கிளப் காவல்காரரின் மகன் தேர்ந்தெடுத்தான்.

அதே டிசம்பர் 18-ந் தேதி இன்னொரு காரியமும் நடந்தது. சிலி கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளர் லூயிஸ் கொர்வலான், மூன்று ஆண்டுச் சிறைக்குப் பின், சோவியத் சிறையிலிருந்த புக்கோவ்ஸ்கிக்கு மாற்றாக சூரிச் விமான நிலையத்தில் விடுதலை செய்யப்பட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. நாள் ஒன்றாக அமைந்தது, அவ்வளவே. என்றாலும் அந்த நாளைக் குறித்து வைக்கத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் பானட்டா பில்லோலையும் வென்றார். கோப்பை கைக்கு வந்த பிறகு கடைசி ஆட்டத்தில் ஸூகரெல்லியை இறக்கினார்கள். அவர் பெலூஸ் பிராஹூவிடம் தோற்றார். லண்டன் புல்லில் பாதையைத் திறந்துவிட்டவருக்குச் சாண்டியாகோவில் கிடைத்தது முடிந்துபோன ஆட்டம். தரை அப்படி, என்ன செய்வது! 4-1 என்று கணக்கு முடிந்தது. மறு ஆண்டு சிட்னியின் புல்தரையில் இதே அணி ஆஸ்திரேலியாவிடம் கோப்பையை இழந்தது. மறுபடி அது இத்தாலிக்கு வர 2023 வரை 47 ஆண்டுகள் ஆயின.

திரும்பி வந்த அணிக்கு ரோமில் பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. போகாதே என்றவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. போ என்றவர்களுக்குச் சிவப்புச் சட்டையைப் பற்றிப் பேச விருப்பமில்லை. இத்தாலியில் அப்போது தொலைக்காட்சி கறுப்பு வெள்ளைதான். ஆட்டத்தைத் திரையில் பார்த்தவர்களுக்கு அது ஏதோ கறுத்த சட்டையாகத்தான் தெரிந்தது. மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 2009-ல் மிம்மோ கலோப்ரெஸ்தி என்ற இயக்குநர் அந்தச் சட்டையின் பெயரிலேயே ஒரு படம் எடுத்தபோதுதான், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தங்கள் வீரர்கள் அன்று என்ன போட்டுக்கொண்டு ஆடினார்கள் என்று இத்தாலியர்களில் பலர் தெரிந்துகொண்டார்கள்.